சிறிய லேத்தில் வெட்டின் அளவறிதல்

(சங்கப் படிப்பகத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



பி.ஏ., பி.எட். படித்து, வரலாற்றுப் பாடம் நடத்தி, இன்று ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியராக இருக்கும் நாம் கடைசல் இயந்திரத்தைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. நம் படிப்பகத்தின் பின்னறையில் ஒரு சிறிய லேத் நிற்கின்றது. உறுப்பினர்கள் தந்த சந்தாப் பணத்தில் பழையதாக வாங்கப்பட்டது. அரைக் குதிரைத்திறன் மோட்டார். பலகையின் மீது இருத்தக்கூடிய உடல். சென்ற மாதம் நம் தம்பிகளுள் ஒருவர் அதில் ஓர் இரும்புத் தண்டைக் கடைந்தார். ஒரு முழக்கம் எழுந்தது, பெல்ட் வழுக்கியது, தண்டு நின்றது, வெட்டுளியின் நுனி உடைந்து தெறித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தம்பி பின்னறைப் பக்கம் வரவில்லை. “எனக்கு இந்தக் கை வராது, சார்” என்று சொல்லிவிட்டார்.

உளி உடைந்ததைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. வேறு உளி வாங்கிக்கொள்ளலாம். “எனக்குக் கை வராது” என்ற சொல்தான் நம்மை வருத்துகின்றது. அன்று தவறியது கையன்று, கணக்கு என்பதை எடுத்துக்காட்டவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

ஒரு கோடை விடுமுறைப் பாடம்

1986ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில், கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்துவந்த நம் அண்ணனிடம் சென்று தங்கினோம். விடுமுறை முடியும் வரை அப்பட்டறையிலேயே எடுபிடியாக வேலை கிடைத்தது. சீவல்களைக் கூட்டி அள்ளுவது, தேநீர் வாங்கி வருவது, எண்ணெய் விடுவது ஆகியவை நம் பணிகள். ஒரு நாள் ஆள் குறைந்தபோது, 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள பம்புத் தண்டு ஒன்றின் முனையை 25 மில்லிமீட்டராகக் குறைக்கும்படி கூறி, இயந்திரத்தின் முன் நம்மை நிறுத்தினார்கள். கைப்பிடி வட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் வைத்து வெட்டினோம்; மீண்டும் ஒன்று; மீண்டும் ஒன்று. மூன்று குறைக்கச் சொன்னார்கள், மூன்று குறைத்தோம் என்று மகிழ்ந்தோம். அளந்து பார்த்தால் தண்டு 22 மில்லிமீட்டராக இருந்தது. தண்டு கழிவாயிற்று. அந்த வாரக் கூலி பிடித்துக்கொள்ளப்பட்டது. “படிக்கிற பையனுக்கு இவ்வளவுதான் கணக்கா?” என்று எல்லோர் முன்னும் கேட்டார்கள்.

அன்றிரவு அண்ணன் அறையின் தரையில் கரித்துண்டால் ஒரு வட்டம் வரைந்தார். “உளி ஒரு பக்கம் ஒரு மில்லி உள்ளே போகிறது. ஆனால் தண்டு சுழல்கிறதல்லவா? எதிர்ப்பக்கமும் ஒரு மில்லி போகும். ஆழம் ஒன்று என்றால் விட்டம் இரண்டு குறையும்” என்றார். ஒரே ஒரு வாக்கியந்தான். அதைக் காலையில் யாராவது சொல்லியிருந்தால் தண்டும் கெட்டிராது, கூலியும் போயிராது. பட்டறையில் அனைவருக்கும் தெரிந்த செய்தி அது. எடுபிடிப் பையனுக்குச் சொல்லவேண்டும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில லேத்துகளில் கைப்பிடி வட்டம் ஆழத்தைக் காட்டும். வேறு சிலவற்றில் குறையும் விட்டத்தையே நேரடியாகக் காட்டும். ஆதலால் புதிய இயந்திரம் எதுவாயினும், முதலில் ஒரு வீண் துண்டில் சிறு வெட்டு ஒன்று கொடுத்து, முன்னும் பின்னும் அளந்து, அதன் வழக்கத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்று முடிவுகள்

லேத்தின் முன் நிற்பவர் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்பாக மூன்று முடிவுகளை எடுக்க வேண்டியவராகின்றார்.

முதலாவது, வெட்டின் ஆழம். உளி ஒரு பக்கத்தில் எவ்வளவு உள்ளே செல்வது என்பது.

இரண்டாவது, ஊட்டம். பட்டறையில் இதனை ‘ஃபீட்’ என்பர். தண்டு ஒரு முறை சுழலும்போது உளி எவ்வளவு தொலைவு பக்கவாட்டில் நகர்கின்றது என்பது. சிறு லேத்தில் இது 0.05 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

மூன்றாவது, வெட்டு வேகம். உளியின் முனையைக் கடந்து உலோகம் நிமிடத்திற்கு எத்தனை மீட்டர் ஓடுகின்றது என்பது. எளிய கணக்கு இது: வெட்டு வேகத்தை 318ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால், நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். அதிவேக எஃகு உளிகொண்டு மென் எஃகை வெட்ட நிமிடத்திற்கு 25 மீட்டர் பொருத்தமான வேகம். தண்டு 25 மில்லிமீட்டர் விட்டமானால் 318 சுற்று. தண்டு 50 மில்லிமீட்டரானால் அதில் பாதி. தண்டு பருக்கப் பருக்கச் சுழற்சி குறைய வேண்டும். பலர் இதனைத் தலைகீழாகச் செய்து உளியைக் கருக்கிவிடுகின்றனர்.

இவை மூன்றோடும் பிணைந்து நிற்பது நான்காவதாகிய கருவி. அதனைப் பின்னர்க் காண்போம்.

டெய்லர் நடத்திய ஆய்வு

நாம் வரலாற்று ஆசிரியர் என்பதால் சிறிது வரலாறு சொல்ல அனுமதிப்பீர்கள் என நம்புகின்றோம்.

இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் 1771இல் பிறந்தார். 12 வயதில் ஊல்விச் படைக்கலச் சாலையில் வெடிமருந்துத் தோட்டா நிரப்பும் சிறுவராக வேலைக்குச் சேர்ந்தவர். உளியைக் கையால் பிடித்து அழுத்துவதற்கு மாறாக, திருகினால் நகரும் சறுக்கியில் அதனை இறுகப் பொருத்தி வெட்டும் முறையை 1800ஆம் ஆண்டை ஒட்டி உலோகக் கடைசலில் நிலைபெறச் செய்தவர் அவரே. அதன் பிறகுதான் ஆழமும் ஊட்டமும் கைவலிமையின் வசத்திலிருந்து எண்ணின் வசத்திற்கு வந்தன.

எண் வந்தது, ஆனால் எந்த எண்? இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர் அமெரிக்கரான ஃபிரடெரிக் டெய்லர். மிட்வேல் எஃகு ஆலையில் 1880இல் ஆய்வைத் தொடங்கினார். ஏறத்தாழ 26 ஆண்டுகள் அது நீண்டது. முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட வெட்டுகள் பதிவு செய்யப்பட்டன. சுமார் 360 டன் இரும்பும் எஃகும் சீவலாக்கப்பட்டன. முடிவுகளை 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். அவ்வழியில்தான், ஒயிட் என்பவருடன் சேர்ந்து, அதிவேக எஃகைப் பதப்படுத்தும் முறையையும் அவர் கண்டார்.

அவர் கண்ட உண்மைகளுள் தலையாயது இது: உளியின் முனையை மிக விரைவில் மழுக்குவது வேகம், அடுத்தது ஊட்டம், மிகக் குறைவாக மழுக்குவது ஆழம். அதிவேக எஃகு உளியில் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால், முனையின் ஆயுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆதலால் தேர்ந்தெடுக்கும் வரிசையும் தெளிவாகின்றது. இயந்திரம் தாங்கும் ஆழத்தை முதலில் வைக்கவேண்டும், பின்னர் அது தாங்கும் ஊட்டம், கடைசியாகவே வேகம். அறியாதார் வேகத்தையே முதலில் கூட்டுவர்.

ஆனால் இந்த வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய மற்றொரு பகுதி உண்டு. இந்த அறிவைத் தொழிலாளியின் கையில் தருவது டெய்லரின் திட்டமன்று. கார்ல் பார்த் என்ற உதவியாளர் இதற்கென்றே கணக்கிடும் நகர்கோல்களைச் செய்தார். அலுவலக அறையில் ஒருவர் அக்கோலை நகர்த்தி எண்ணைக் கண்டு, சீட்டில் எழுதியனுப்புவார். லேத்தின் முன் நிற்பவர் சீட்டில் உள்ளபடி செய்தால் போதும். ஏன் என்று அவர் கேட்க வேண்டியதில்லை. எண்ணைத் தேர்பவர் ஒருவர், கைப்பிடியைச் சுற்றுபவர் மற்றொருவர் என்று ஆயிற்று. நாம் 1986இல் பட்டறையில் கண்டதும் இதுவேயன்றோ? இளைஞர்களே, உங்கள் கை கைப்பிடியைச் சுற்றட்டும். எண்ணைத் தேர்வதும் நீங்களாகவே இருக்க வேண்டும். இவ்வுரையின் கருத்து இது ஒன்றே.

சிறு இயந்திரத்தின் எல்லை

பெரிய ஆலைகளில் உள்ள லேத்துகள் ஒரே வெட்டில் 5 மில்லிமீட்டர் ஆழம் செல்லக்கூடியவை. அவற்றுக்குரிய அட்டவணையை நம் சிறு லேத்தின் மீது ஏற்றினால் என்ன நேரும் என்பதைச் சென்ற மாதம் கண்டோம். நம் இயந்திரத்தின் எல்லையை நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆழத்தை ஊட்டத்தால் பெருக்கினால் சீவலின் குறுக்குப் பரப்புக் கிடைக்கும். மென் எஃகில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சீவலை எடுக்கச் சுமார் 2,500 நியூட்டன் விசை வேண்டும். அதாவது ஏறத்தாழ 250 கிலோ எடை உளியின் மீது அமர்ந்தது போன்ற விசை.

நம் மோட்டார் அரைக் குதிரைத்திறன், அதாவது 373 வாட். பெல்ட், பல்சக்கரம், தாங்கி ஆகியவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிந்தால், உளிமுனைக்கு வந்து சேர்வது 240 வாட் அளவேயாகும். நிமிடத்திற்கு 25 மீட்டர் வேகத்தில் அந்த ஆற்றலைக் கொண்டு எடுக்கக்கூடிய சீவல் 0.23 சதுர மில்லிமீட்டர். ஆழம் 1.5, ஊட்டம் 0.15 என்பதே நம் லேத்தின் உச்ச எல்லை.

அந்தத் தம்பி வைத்த ஆழம் 2 மில்லிமீட்டர். ஊட்ட நெம்புகோல் 0.25இல் இருந்தது. பெருக்கிப் பாருங்கள்: 0.5 சதுர மில்லிமீட்டர். இயந்திரத்தால் இயன்றதைப் போல் இரு மடங்குக்கும் மேல் அதனிடம் கேட்டிருக்கின்றார். பெல்ட் வழுக்கியது, தண்டு வெட்டின் நடுவிலேயே நின்றது, அவ்வாறு நிற்கும்போது கார்பைடு நுனி உடைவது இயல்பு. இதில் கைராசியும் இல்லை, கைக்குறையும் இல்லை. ஒரு பெருக்கல் கணக்கு விடுபட்டது, அவ்வளவே. அந்த எண்ணை முன்கூட்டியே அவருக்குச் சொல்லாமல் விட்டது நம்முடைய குற்றம்.

மோட்டாரின் எல்லைக்கு முன்பே வேறோர் எல்லை வந்துவிடும். அது உறுதியின் எல்லை. சிறு லேத்தின் படுகையும் சறுக்கியும் மெலிந்தவை. ஆழம் கூடினால் அவை வளைந்து கொடுத்து அதிரத் தொடங்கும். ஆகவே உச்சத்தில் பாதியளவிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. ஆழம் 0.6 முதல் 0.75 வரை, ஊட்டம் 0.1 முதல் 0.12 வரை என்பது மென் எஃகிற்கு ஏற்ற தொடக்கம். அலுமினியமும் பித்தளையும் இதைவிட இளகியவை. அவற்றில் ஆழத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கலாம், வேகத்தையும் கூட்டலாம்.

உறுதியைக் காப்பதற்கும் சில எண்கள் உண்டு. உளி டூல் போஸ்ட்டிலிருந்து வெளியே நீளும் அளவு இரு மடங்கானால், அது வளையும் அளவு எட்டு மடங்காகும். ஆதலால் உளியின் தடிமனைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வெளியே நீட்டலாகாது. சக்கிலிருந்து தண்டு தன் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் நீளுமானால், மறுமுனையை டெயில் ஸ்டாக்கின் முனையால் தாங்கவேண்டும்.

எல்லைக்கு மேல் செல்வது பிழையென்று கேட்டு, அஞ்சி அஞ்சி 0.02, 0.03 என்று வருடிக்கொண்டிருப்பதும் பிழையே. அவ்வளவு மெல்லிய வெட்டில் உளி உலோகத்தை வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடேறும், முனை மழுங்கும், தண்டின் மேற்பரப்பு கடினமாகி, அடுத்த வெட்டு இன்னும் அரிதாகும். அவசரம் உளியை உடைக்கும்; அச்சம் உளியைத் தேய்க்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைக் காட்டுவது கணக்கு.

கருவியைத் தேர்தல்

சிறு லேத்திற்குரிய உளிகள் பெரும்பாலும் இரு வகை: அதிவேக எஃகு, கார்பைடு. முன்னதைப் பட்டறையில் எச்.எஸ்.எஸ். என்பர்.

“கார்பைடுதானே புதியது, வலியது? அதையே வாங்கலாமே” என்று கேட்பீர்கள். 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கார்பைடு உண்மையிலேயே வியத்தகு பொருள், சூட்டைத் தாங்கும், நிமிடத்திற்கு 100 மீட்டரும் அதற்கு மேலும் வெட்டும். ஆனால் ஆற்றல் எங்கிருந்து வரும்? வேகத்தை நான்கு மடங்காக்கினால், அதே மோட்டார் எடுக்கக்கூடிய சீவல் நான்கில் ஒன்றாகிவிடும்: ஆழம் 0.5, ஊட்டம் 0.1 என்ற அளவுக்குச் சுருங்கும். ஆக, நமக்கு வேலை விரைவாக முடிந்துவிடப் போவதில்லை. மேலும், கார்பைடு எளிதில் உடையும் இயல்பினது. தண்டில் பள்ளமோ சாவிக்காடியோ இருந்து வெட்டு விட்டு விட்டு நேர்ந்தால் சிதறும்.

அதிவேக எஃகையோ நாமே சாணைக்கல்லில் தீட்டிக் கூர்மையாக்கலாம். கூர்மையான முனைக்குக் குறைந்த விசை போதும். மெலிந்த இயந்திரத்திற்கு அதுவே பெரும் உதவி. மழுங்கினால் மீண்டும் தீட்டலாம். ஒரு துண்டு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மென் எஃகிற்கு முன்பக்க விலக்குக் கோணம் 6 முதல் 8 பாகை, மேற்புறப் பக்கச் சாய்வு 12 முதல் 14 பாகை இருக்கட்டும். பித்தளைக்கு மேற்புறச் சாய்வே வேண்டாம். சாய்வு இருந்தால் உளி உள்ளே இழுத்துக்கொள்ளும். தீட்டும்போது அடிக்கடி நீரில் நனைத்துக் கொள்ள வேண்டும். ஆகவே கற்பவர்க்கு முதல் உளி அதிவேக எஃகே என்பது நம் துணிபு.

வார்ப்பிரும்பின் கடினமான மேல்தோலை உரிக்கவும், கடினப்பட்ட எஃகை வெட்டவும் கார்பைடு வேண்டும். அப்போது மாற்றுத் துண்டுகளைப் பெட்டியின் மேலுள்ள எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். சி.என்.எம்.ஜி. என்று தொடங்குவன அழுத்தி வெட்டும் வகையின. உறுதியான, ஆற்றல் மிக்க இயந்திரங்களுக்கு உரியவை. நமக்கு ஏற்றவை சி.சி.எம்.டி. 060204 போன்றவை. அந்தக் கடைசி 04 என்பது முனையின் வளைவு ஆரம் 0.4 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். 08 என்றிருந்தால் ஆரம் 0.8, சிறு லேத்தில் அது அதிர்வைக் கிளப்பும். அலுமினியத்திற்குச் சி.சி.ஜி.டி. என்னும் கூரிய வகை நன்று.

மேற்பரப்பின் மென்மையும் இந்த ஆரத்தையும் ஊட்டத்தையும் பொறுத்ததே. ஊட்டத்தை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், தண்டின் மேல் விழும் வரிகளின் உயரம் கிடைக்கும். ஆரம் 0.4, ஊட்டம் 0.2 என்றால் வரியின் உயரம் ஆயிரத்தில் 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்; ஊட்டத்தை 0.1 ஆக்கினால் ஆயிரத்தில் 3. ஊட்டம் பாதியானால் வரி கால் பங்காகும். இறுதி வெட்டுக்கு ஊட்டத்தைக் குறைப்பது இதனாலேயே.

எந்த உளியாயினும் அதன் முனை தண்டின் மைய உயரத்தில் நிற்க வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தண்டுக்கும் உளிமுனைக்கும் நடுவே மெல்லிய எஃகு அளவுகோல் ஒன்றை மெதுவாக நெருக்குங்கள். அது நேராக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை நம்மை நோக்கிச் சாய்ந்தால் உளி தாழ்ந்துள்ளது; அப்பால் சாய்ந்தால் உயர்ந்துள்ளது. தகட்டுத் துண்டுகளை அடியில் வைத்துச் சரிசெய்யலாம்.

ஒரு தண்டைக் கடைவோம்

நாம் 1986இல் கெடுத்த அதே வேலையை இப்போது முறையாகச் செய்வோம். 28 மில்லிமீட்டர் மென் எஃகுத் தண்டு. முனையில் 40 மில்லிமீட்டர் நீளத்திற்கு 25 மில்லிமீட்டராக வேண்டும்; 6205 என்னும் எண்ணுள்ள பந்துத் தாங்கி அதில் அமரும். அதிவேக எஃகு உளி.

விட்டத்தில் குறைய வேண்டியது 3. ஆகவே மொத்த ஆழம் 1.5. இதனை எவ்வாறு பங்கிடுவது? முரட்டு வெட்டு இரண்டு, ஒவ்வொன்றும் 0.6 ஆழம், விட்டம் 25.6 ஆகும். பின்னர் மென்வெட்டு இரண்டு, ஒவ்வொன்றும் 0.15, விட்டம் முதலில் 25.3, பின்னர் 25.0.

முரட்டு வெட்டுக்குச் சுழற்சி: 25 மீட்டரை 318ஆல் பெருக்கி 28ஆல் வகுக்க, 284. இயந்திரத்தில் அதற்கு அடுத்துக் குறைந்த வேகம் எதுவோ அதை வையுங்கள். ஊட்டம் 0.12. பரப்பு 0.07 சதுர மில்லிமீட்டர்; நம் எல்லையில் மூன்றில் ஒரு பங்கே; இயந்திரம் எளிதாகத் தாங்கும். பழகிய பின் ஆழத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மென்வெட்டுக்கு ஊட்டம் 0.06, வேகத்தைச் சற்றே கூட்டலாம். தூரிகையால் வெட்டு எண்ணெய் தொட்டு வையுங்கள்.

இறுதி இரு வெட்டுகளும் சமமான ஆழத்தில் இருக்க வேண்டும் என்றோம், ஏன்? உளியும் தண்டும் வெட்டும்போது சிறிது வளைந்து கொடுக்கும். ஒரே ஆழமானால் ஒரே அளவே வளையும். மூன்றாம் வெட்டு முடிந்ததும் மைக்ரோமீட்டரால் அளக்கின்றோம். 25.30 வரவேண்டிய இடத்தில் 25.32 வந்தால், இயந்திரம் விட்டத்தில் 0.02 குறைவாக வெட்டுகின்றது என்று அறிந்து, கடைசி வெட்டில் 0.01 ஆழம் கூட்டி வைக்கின்றோம். முனை இலக்கில் வந்து நிற்கும். கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில் சுற்றி அளவுக்கு வாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்வாங்கி மீண்டும் வரவேண்டும். இல்லையேல் திருகின் தளர்வு உங்களை ஏமாற்றும்.

இவ்வேலையில் வெட்டும் நேரம் மட்டும் ஏறத்தாழ 6 நிமிடம். அஞ்சி அஞ்சி 0.05 வீதம் வெட்டியிருந்தால் முப்பது முறை ஓட்ட வேண்டும், அரைமணிக்கு மேலாகும், அளவும் கலங்கும்.

இயந்திரம் சொல்லும் சொல்

எண்கள் தொடக்கத்தைத் தரும். அதன் பிறகு இயந்திரத்தின் சொல்லைக் கேட்கவேண்டும்.

கீச்சொலி எழுந்து தண்டில் அலை வரி விழுந்தால் அது அதிர்வு. முதலில் சுழற்சியைக் குறையுங்கள். அதிலும் அடங்கவில்லையெனில் ஊட்டத்தைக் குறைக்காதீர்கள், சற்றே கூட்டுங்கள். புதியவர்க்கு இது முரணாகத் தோன்றும். ஆனால் மெல்லிய ஊட்டத்தில் துள்ளும் உளி, சற்றுத் தடித்த சீவலில் அமைதியாகும். பின்னர் உளியின் நீட்சி, கூர்மை, சறுக்கியின் தளர்வு ஆகியவற்றைப் பாருங்கள்.

மோட்டாரின் ஓசை தாழ்ந்தால் சுமை மிகுந்தது, ஆழத்தைக் குறையுங்கள். அதிவேக எஃகு உளியில் வரும் சீவல் நீலநிறமானால் வேகம் மிகுந்தது. சீவல் நீண்ட கயிறாகச் சுற்றிக்கொண்டால் ஊட்டத்தைச் சிறிது கூட்டுங்கள். துண்டு துண்டாக உதிரும்.

அக்கயிற்றைக் கையால் பற்றாதீர்கள், கத்தியினும் கூரியது. கொக்கியால் இழுங்கள். கண்ணாடி அணியாமல் இயந்திரத்தை ஓட்டக்கூடாது. தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, கையுறை, விரிந்த கூந்தல் எவையும் சுழலும் தண்டின் அருகே வரலாகாது. சக்கின் சாவியை விட்டுக் கையை எடுக்கும் முன் சாவியையும் எடுத்துவிடுங்கள். அளப்பது, தண்டு நின்ற பின்பே.

நாளைய வழி

“இனி எல்லாம் கணினி லேத்தாயிற்றே; இந்தக் கைலேத்தைக் கற்று என்ன பயன்?” என்று தங்கை ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கணினி லேத்திலும் ஆழம் எவ்வளவு, ஊட்டம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பதை ஒருவர் எழுத வேண்டியிருக்கின்றது. அதை எழுதுபவர் ஒருவர். கதவைத் திறந்து துண்டை மாட்டிப் பொத்தானை அழுத்துபவர் மற்றொருவர். டெய்லரின் சீட்டு இன்று திரையில் தெரிகின்றது, வேறுபாடு அவ்வளவே. நம் பிள்ளைகள் பொத்தானோடு நின்றுவிடலாகாது.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசலர் பிரிவில் ஈராண்டுப் பயிற்சி பெறலாம், பெண்களும் சேரலாம். அதன்பின் 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் ஆலைகளில் பழகலாம். அங்குச் செல்லும் முன்பே இந்தப் பின்னறையில் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். உலோகம், உளி, விட்டம், ஆழம், ஊட்டம், சுழற்சி, விளைவு என்று ஏழு கட்டம் போட்டு ஒவ்வொரு வெட்டையும் எழுதுங்கள். ஓராண்டில் நம் லேத்துக்கென்று நம் கையால் எழுதிய அட்டவணை ஒன்று உருவாகும். அடுத்து வரும் பிள்ளைக்கு அதைத் திறந்து காட்டுங்கள். நமக்கு அன்று எவரும் சொல்லாத வாக்கியத்தை நீங்கள் அவருக்குச் சொல்லியவர்கள் ஆவீர்கள்.

நம் லேத் சிறியது. அது பெரிய ஆலையின் லேத்தைப் போல் ஒரே வெட்டில் மலையைப் பெயர்த்துவிடாது. ஆனால் அளவறிந்து நான்கு வெட்டில் அது தரும் 25 மில்லிமீட்டரும், பெரிய லேத் தரும் 25 மில்லிமீட்டரும் ஒன்றே. தண்டின் மீது தாங்கியை ஏற்றும்போது, அது சிறிய லேத்தில் கடைந்ததா பெரிய லேத்தில் கடைந்ததா என்று தாங்கி கேட்பதில்லை. கடைந்தவர் எந்தத் தெருவினர் என்று மைக்ரோமீட்டரும் கேட்பதில்லை.

அந்தத் தம்பி இக்கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். நாளை மாலை ஆறு மணிக்குப் பின்னறையைத் திறந்து வைத்திருப்போம். புதிய உளி தீட்டி வைக்கப்பட்டுள்ளது. அதே தண்டின் மறுமுனை இன்னும் கடையப்படாமல் இருக்கின்றது. முதல் வெட்டு 0.6, ஊட்டம் 0.12. கைப்பிடியை அவரே பிடிக்கட்டும். நாம் அருகில் நின்று குறிப்பேட்டில் எழுதுவோம்.